கொழுந்து கிள்ளும் கைக்கு க்ளோசப் இல்லை

தேயிலைத் தோட்டம் என்றதும் தமிழ் ரசிகனின் மனத்தில் முதலில் ஓடுவது ஒரு பாட்டு. பச்சைச் சரிவு, கொஞ்சம் பனிமூட்டம், கம்பளிச் சட்டைக்குள் கதாநாயகன், அந்தக் குளிருக்குக் கொஞ்சமும் பொருந்தாத மெல்லிய சேலையில் கதாநாயகி. அவளுக்குப் பின்னால், கேமரா ஒரு நொடி தொட்டுவிட்டு நகரும் இடத்தில், முதுகில் கூடை கட்டிய பெண்கள் வரிசையாக நிற்பார்கள். சில பாட்டுகளில் அவர்களும் சேர்ந்து ஆடுவார்கள். பாட்டு முடிந்ததும் காணாமல் போய்விடுவார்கள். அவர்களுக்குப் பெயர் இருக்காது, வசனம் இருக்காது, அன்றைக்கு எத்தனை கிலோ எடுத்தார்கள் என்ற கணக்கும் இருக்காது.

மலேசியாவின் பகாங் மாநிலத்தில் உள்ள கேமரன் மலைக்கு வருகிறவர்களில் பலரும் அந்தப் பாட்டைத் தேடித்தான் மலையேறுகிறார்கள். சுங்கை பாலாஸ் தோட்டத்துக்குப் போகும் ஒடுங்கிய சாலையில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சரிவைப் பின்னணியாக வைத்துப் படமெடுத்துக்கொள்கிறார்கள். படத்துக்குள் ஒரு கூடைக்காரம்மா வந்துவிட்டால் இன்னும் அழகு. ஆனால் அந்தக் கூடைக்காரம்மாவை இன்று அங்கே பார்ப்பது அரிது. கத்திரியும், இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நடக்கும் வெட்டு இயந்திரமும் வந்து பல காலம் ஆகிறது. பிடித்து நடப்பவர்கள் வங்கதேசம், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். இயந்திரம் ஏற முடியாத செங்குத்துச் சரிவில் கையால் கிள்ளுவது மிஞ்சியிருந்தால் உண்டு. கூடை சுமந்த தமிழ்ப் பெண்களின் பேத்திகளோ மலையிறங்கி ஈப்போ, கோலாலம்பூர் என்று வேறு வேலைகளுக்குப் போய்விட்டார்கள்.

அந்தப் பாட்டிமார்களின் வாழ்க்கையை ஆண்களின் அதிகாரம் எப்படி ஆட்டிவைத்தது என்பதைத் தமிழ் சினிமா காட்டவே இல்லை என்று சொல்ல முடியாது. குடிகாரக் கணவன், கையைப் பிடித்து இழுக்கும் கங்காணி, பங்களாவுக்கு ஆள் அனுப்பும் துரை எல்லோரும் திரையில் வந்துபோனவர்கள்தான். திரையில் வராமல் போனது அவளுடைய வேலை. அந்த வேலைக்கு அவள் வாங்கிய கூலி. அந்தக் கூலியை யார் நிர்ணயித்தார்கள், யார் கையில் வாங்கினார்கள், யார் செலவழித்தார்கள் என்பது. கெட்டவன் ஒருவனின் முகத்தில் ஆணாதிக்கத்தைத் தேடிப் பழகிய சினிமாவுக்கு, அது சம்பளப் புத்தகத்தில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது கண்ணில் படவில்லை. புருஷன் மட்டும் நல்லவனாக அமைந்துவிட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று தலைமுறை தலைமுறையாகப் பெண்களை நம்பவைத்ததில் இந்தப் பார்வைக்குப் பெரிய பங்கு உண்டு.

50 காசு, 40 காசு

மலைக்குப் பெயர் கொடுத்த வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்தப் பக்கம் வந்தது 1885இல். காடு தோட்டமானது அதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் ‘போ’ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். 1931இல் தாப்பாவிலிருந்து மலைக்குச் சாலை வந்து சேர்ந்தது. 1933இல் பாரத் தேயிலைத் தோட்டம் வந்தது. சரிவில் கன்று நட்டு, களை பிடுங்கி, கொழுந்தெடுக்கத் தமிழ்நாட்டிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆள் வந்தது. குடும்பமாக வந்ததற்குக் காரணம் இருந்தது. ஆணை மட்டும் கொண்டுவந்தால் அவன் நாலு காசு சேர்ந்ததும் ஊருக்குக் கப்பலேறிவிடுவான். பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்தால் தங்குவான், அடுத்த தலைமுறைக்கும் தோட்டத்துக்கு ஆள் கிடைக்கும். மலாயாவின் தோட்ட முதலாளிகள் பெண்களையும் வரவழைத்ததற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருந்தது.

வந்தவள் மனைவியாக மட்டுமா வந்தாள்? அவள் பெயரும் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஏறியது. 1920களின் கடைசியில் மலாயாத் தோட்டங்களுக்கு அரசு நிர்ணயித்த தினக்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பொருளாதார மந்தம் வந்தபோது இரண்டையும் வெட்டினார்கள். பெண்ணுக்குக் குறைவு என்ற விதியை மட்டும் யாரும் தொடவில்லை. போக்குவரத்து இல்லாத உள்ளடங்கிய பகுதிகளில் சாமான் விலை அதிகம் என்று கொஞ்சம் கூட்டிக் கொடுத்த இடங்களிலும் பெண்ணின் காசு ஆணின் காசுக்குக் கீழேதான் நின்றது.

குடும்பத்தைக் காப்பாற்றுகிறவன் ஆண், பெண் சம்பாதிப்பது மேல்வரும்படி என்பதுதான் இதற்குச் சொல்லப்பட்ட நியாயம். இதைத் துரைக்குக் கங்காணி சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. துரையின் ஊரிலும் அதே வழக்கம்தான். கடல் கடந்து வந்த இரண்டு ஊர் ஆணாதிக்கமும் ஒரே செக்ரோலில் கைகோத்துக்கொண்டன.

அந்த 40 காசுக்கு அவள் பார்த்த வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, பசியாறுவதற்கும் மதியத்துக்கும் சேர்த்துச் சமைத்து, கைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, காலையில் ஆளெடுக்கும் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுக்க வேண்டும். பிந்திப் போனால் அன்றைய பெயர் போனதுதான். பிறகு சரிவு. காலைப் பனியில் செடியெல்லாம் நனைந்திருக்கும். இடுப்பில் சாக்கையோ ரெட்டையோ சுற்றிக் கட்டாவிட்டால் சேலை தொப்பலாகிவிடும். காலில் அட்டை ஏறும். இரண்டு இலை, ஒரு மொட்டு என்ற அளவில் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் கிள்ள வேண்டும். முற்றின இலை கலந்தால் மேற்பார்க்கும் மண்டோர் கத்துவான். இரண்டு கையும் இரண்டு செடியில் ஓடும். கண் அடுத்த செடிக்குப் போயிருக்கும். தேயிலைச் சாறு பட்டுப் பட்டு விரல் நுனியும் நகக் கண்ணும் கறுத்துப்போகும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கூடை நிறைந்தால் எடை மேடைக்கு நடக்க வேண்டும். ஈரத்துக்கு இவ்வளவு, கூடைக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டு மீதியைப் பேரேட்டில் எழுதுவது தேயிலைத் தோட்டங்களில் பல நாடுகளிலும் இருந்த வழக்கம். எழுதுகிறவன் ஆண், எடை போடுகிறவன் ஆண், மேற்பார்க்கிறவன் ஆண். சுமக்கிறவள் மட்டும் பெண்.

சாயங்காலம் லயம் என்ற வரிசை வீட்டுக்குத் திரும்பினால் இன்னொரு முழு நாள் வேலை காத்திருக்கும்: தண்ணீர், விறகு, சோறு, பிள்ளைகள். ஆணுக்கு அந்த நேரம் கள்ளுக்கடை. தோட்டத்திலேயே கள்ளுக்கடை வைத்து, கொடுத்த கூலியை அங்கேயே திரும்ப வாங்கிக்கொண்ட ஏற்பாட்டின் அடி கடைசியில் விழுந்தது அவள் முதுகில். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளை மறித்தபோது, அந்தப் போராட்டம் எதிர்த்து நின்ற பொருளே லயத்துப் பெண்களின் தினசரி வலிதான்.

இத்தனைக்கும் நடுவில் அவள் வாய்மூடிக் கிடக்கவில்லை. வரலாற்றாசிரியர் அருணிமா தத்தா 2021இல் வெளியிட்ட நூல், மலாயாவின் இந்தியக் கூலிப் பெண்கள் தங்கள் வாழ்க்கையில் எடுத்த முடிவுகளை ஆவணங்களிலிருந்து தோண்டியெடுக்கிறது. கணவனை விட்டு இன்னொருவனோடு வாழப் போனவர்கள், வழக்கு என்று வந்தபோது சாட்சிக் கூண்டில் ஏறிப் பேசியவர்கள் எல்லோரும் அந்தப் பக்கங்களில் இருக்கிறார்கள். 1943இல் நேதாஜி சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையைத் திரட்டியபோது, கேப்டன் லட்சுமியின் கீழ் துப்பாக்கி பிடித்தவர்களில் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர். சினிமாவுக்குப் பத்தினியைத் தெரியும், பரத்தையைத் தெரியும். கூலிக் கணக்கையும் சொந்த வாழ்க்கைக் கணக்கையும் தானே போட்டுப் பார்த்து முடிவெடுத்த இந்தப் பெண்ணை அதற்கு இன்னும் அறிமுகமில்லை.

திடலில் கட்டிய வெள்ளைத் துணி

தோட்டத்துக்குச் சினிமா வந்தது வண்டியேறி. மலாயாவின் அவசரகால ஆண்டுகளான 1948 முதல் 1960 வரை அரசாங்கத்தின் படவண்டிகள் தோட்டம் தோட்டமாகப் போய்ச் செய்திப்படம் போட்டன. சென்னையிலிருந்து வந்த தமிழ்ப் படங்களும் திடலில் வெள்ளைத் துணி கட்டி ஓடின. சாக்கை விரித்துப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பெண்கள் பார்த்த படங்களில் சிலவற்றின் பெயரே போதும்: ‘கணவனே கண்கண்ட தெய்வம்’ (1955), ‘மங்கையர் திலகம்’ (1955), ‘கற்புக்கரசி’ (1957). விடியுமுன் எழுந்து ஒரு நாள் கூலி சம்பாதித்தவள், இரவில் திடலில் உட்கார்ந்து, சம்பாதிக்காமல் வீட்டில் இருந்து கணவனின் பாதத்தைப் பார்த்து வாழ்ந்தவளுக்காக அழுதாள்.

ஆணுக்கும் அந்தத் துணியில் ஒன்று கிடைத்தது. பகலெல்லாம் துரைக்கும் கணக்கெழுதும் கிராணிக்கும் கைகட்டி நின்றவனுக்கு, லயத்து வீட்டின் ஒற்றை அறை மட்டுமே அவன் துரையாக இருக்க முடிந்த இடம். அந்தத் துரைத்தனத்துக்கு மகுடம் சூட்டி அனுப்பியது சினிமா. 1972இல் வந்த ‘பட்டிக்காடா பட்டணமா’வில் படித்த பணக்கார மனைவியை அடக்கி வழிக்குக் கொண்டுவருவது கதை, கைதட்டல், வெள்ளிவிழா எல்லாமே. அந்த வாய்ப்பாடு இன்றுவரை தேயவில்லை.

இதே வாய்ப்பாட்டில் வந்த ‘மன்னன்’ (1992) படத்தைத் தோட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு இன்னொருமுறை பார்க்க வேண்டும். விஜயசாந்தி ஒரு தொழிற்சாலையின் முதலாளி. ரஜினிகாந்த் அங்கே தொழிலாளர்களின் தலைவர். கூலி, சங்கம், வேலைநிறுத்தம் என்று தமிழ் சினிமா அரிதாகத் தொடும் விஷயங்கள் எல்லாம் இதில் இருக்கின்றன. ஆனால் படம் தீர்த்துவைக்கும் பிரச்சினை கூலியல்ல. முதலாளி நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பது. முடிவில் அவள் வீட்டு நிர்வாகத்துக்குத் திரும்புகிறாள், தொழிலாளர்கள் உட்பட எல்லோருக்கும் நிம்மதி. தொழிலாளர் உரிமை என்பதே ஆண்களின் சொத்து என்று இதைவிடத் தெளிவாக ஒரு படம் சொல்லிவிட முடியாது. மிகவும் ரசித்துப் பார்க்கக்கூடிய படம் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சட்டம் வேறு திசையில் நகர்ந்தது. மலேசியாவில் இந்து ஆண் சட்டத் தடை இல்லாமல் இரண்டாவது மனைவி கட்ட முடிந்த காலம் ஒன்று இருந்தது. 1976ஆம் ஆண்டின் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்து, முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒருதார மணத்தையும் பதிவையும் கட்டாயமாக்கியது. தோட்டப் பெண்களுக்கு இது சின்ன விஷயமில்லை. பதிவில்லாத தாலியை வைத்துக்கொண்டு ஜீவனாம்சம் கேட்டு அலைந்தவர்களுக்குத் தெரியும் அதன் அருமை. சட்டம் வந்து மூன்று வருடத்தில் இங்கே வீடியோ கேசட்டுகளில் சுற்றிய படங்களில் ஒன்று பாக்யராஜின் ‘சின்ன வீடு’. மனைவி குண்டாக இருப்பதால் கணவன் வேறிடம் தேடிப் போவது அதில் நகைச்சுவை. அவனைத் திருத்தி ஏற்றுக்கொள்ளும் பொறுப்பு மனைவியுடையது. அடிப்பவனைக் கேட்கச் சட்டம் வர இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது. பெண்கள் அமைப்புகள் வருடக்கணக்கில் போராடிய பிறகு, 1994இல் நிறைவேறிய குடும்ப வன்முறைச் சட்டம் 1996இல்தான் அமலுக்கு வந்தது. அந்தப் பெண்கள் அலைந்த ஆண்டுகள் முழுக்கத் திரையில் ஓர் அறை வாங்கியதும் கதாநாயகிக்குக் காதல் பிறந்துகொண்டிருந்தது.

விதிவிலக்கே இல்லையா என்றால் உண்டு. கே. பாலசந்தரின் ‘அவள் ஒரு தொடர்கதை’ (1974) படத்தில் சுஜாதா நடித்த கவிதா சம்பளம் வாங்குகிறாள். அந்தச் சம்பளத்தில் எத்தனை வாய் சாப்பிடுகிறது, அந்த வாய்களில் எத்தனை அவளைக் குறை சொல்கிறது என்பதை வீட்டுக்குள்ளேயே கேமராவை வைத்துக் காட்டினார். தன் காசைத் தனக்காகச் செலவழிக்க முடியாத பெண்ணைத் தமிழ்த் திரையில் அவ்வளவு துல்லியமாக அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனாலும் படம் அவளைக் கடைசியில் தியாகியாக்கித்தான் வேலைக்கு அனுப்பியது.

மரகதமும் யோகியும்

தேயிலைத் தோட்டத்துக்குள் துணிந்து நுழைந்த தமிழ்ப் படம் பாலாவின் ‘பரதேசி’ (2013). வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழுக்குக் கொண்டுவந்த நாவலைத் தழுவியது. அதில் சாய் தன்ஷிகா நடித்த மரகதம் என் மனத்தை விட்டுப் போகாத பாத்திரம். கணவன் தோட்டத்திலிருந்து தப்பி ஓடிவிட்டான். சின்னப் பெண்குழந்தையோடு இவள் மாட்டிக்கொண்டாள். ஓடிப்போனவனின் பாரமும் சேர்ந்து இவள் தலையில். தப்பி ஓடும் வழிகூட ஆணுக்கு மட்டுமே திறந்திருக்கும் என்ற இந்த ஒரு விஷயத்தில் படம் தோட்டத்தின் உயிர்நாடியைப் பிடித்துவிட்டது.

பிடித்ததை விட்டும்விட்டது. பெண்களுக்கு நேரும் கொடுமையைப் பாலா துரையின் காமத்தில் கொண்டுபோய்க் குவிக்கிறார். அந்தக் காட்சிகள் நம்மைக் கொதிக்க வைக்கின்றன. கொதித்து முடித்ததும் பழி ஒரு வெள்ளைக்காரனோடு தீர்ந்துபோகிறது. பேரேடு எழுதிய நம்மூர்க் கை, வீட்டில் சோற்றுத் தட்டுக்குக் காத்திருந்த நம்மூர்க் கை எல்லாம் கழுவிக்கொண்டு வெளியே வந்துவிடுகின்றன.

மூன்று வருடம் கழித்து அதே தன்ஷிகா மலேசியாவில் துப்பாக்கியோடு வந்தார். பா. ரஞ்சித்தின் ‘கபாலி’ (2016). தோட்டத்தில் பிறந்து, தமிழ்த் தொழிலாளிகளுக்குச் சம ஊதியம் கேட்டுக் குரல் கொடுத்து எழுந்தவன் கபாலி. கூலி என்ற சொல்லை ஒரு ரஜினி படம் இவ்வளவு மரியாதையோடு எடுத்ததற்காகவே மலேசியத் தமிழர்கள் நெஞ்சு நிமிர்த்தினார்கள், அதில் தவறில்லை. ராதிகா ஆப்தேயின் குமுதவல்லி கணவனோடு சமமாகப் பேசுகிறாள்; தன்ஷிகாவின் யோகி சண்டை போடுகிறாள், அழுது நிற்பதில்லை. ஆனால் அந்தச் சம ஊதியம் தமிழனுக்கும் மற்ற இனத்தானுக்கும் இடையிலான சமம். தமிழனுக்கும் அவன் பக்கத்து நிரையில் நின்ற தமிழச்சிக்கும் இடையே இருந்த 10 காசு வித்தியாசம் அந்தப் போராட்டத்தின் கோரிக்கைப் பட்டியலில் இல்லை.

கேமரன் மலையையே களமாகக் கொண்ட பெரிய படம் ஒன்று 2019இல் வந்தது. டான் துவான் எங்கின் நாவலை வைத்து டாம் லின் இயக்கிய ‘தி கார்டன் ஆஃப் ஈவ்னிங் மிஸ்ட்ஸ்’. ஜப்பானியர் ஆட்சியில் சகோதரியை இராணுவத்தின் பாலியல் அடிமையாக இழந்து, தான் மட்டும் முகாமிலிருந்து மீண்ட யுன் லிங் என்ற பெண், அந்தச் சகோதரியின் நினைவுக்காக ஒரு தோட்டம் அமைக்க மலைக்கு வருகிறாள். ஆண்கள் நடத்திய போருக்குப் பெண் உடம்பு கொடுத்த விலையை மிகுந்த கண்ணியத்தோடு சொல்லும் படம். கதை நடப்பது ஒரு தேயிலைத் தோட்டத்தை ஒட்டி. சீனப் பெண்ணுக்கும் ஜப்பானியத் தோட்டக் கலைஞனுக்கும் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிக்கும் கதையில் இடம் இருக்கிறது. அந்தச் சரிவுகளின் தமிழ்ப் பெண் அங்கேயும் கதைக்கு வெளியேதான். போர்க்காலத்தில் சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டத்து ஆண்களைக் கொண்டுபோனபோது லயத்தில் தனியாக நின்றவள் அவள். அந்தக் கதையைப் பிறர் எடுக்கவில்லை என்று குறைபடுவதில் பயனில்லை, அது நாம் எடுக்க வேண்டிய கதை.

செம்மண் சாலையில் ஒரு பெண்

எடுக்க முயன்றவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். தீபக் குமாரன் மேனனின் ‘செம்மண் சாலை’ (2005) மிகக் குறைந்த செலவில் எடுத்த மலேசியத் தமிழ்ப் படம். 1960களின் ரப்பர் தோட்டம், பல்கலைக்கழகம் போக ஆசைப்படும் ஒரு பெண். வில்லன் கிடையாது. குடும்பத்தில் யாரும் கெட்டவர்கள் இல்லை. காசு பற்றாது, பெண் படிப்பு இரண்டாம்பட்சம், அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ எத்தனை கனமானது என்பதை உரக்கப் பேசாமல் உணர்த்திவிட்ட படம். அடுத்து அவர் எடுத்த ‘சலங்கை’ (2007) பிரிக்பீல்ட்ஸில் பூ விற்கும் ஒரு தாயையும் நடனம் படிக்க ஏங்கும் மகளையும் பற்றியது. பூ கட்டும் கையையும் சில்லறை எண்ணும் கையையும் அந்தக் கேமரா அவசரப்படாமல் பார்த்தது. மலேசியத் தமிழ் சினிமாவில் பெண்ணின் உழைப்பு இத்தனை நேரம் திரையில் நின்றது எனக்கு வேறெங்கும் நினைவில் இல்லை.

சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015) தோட்டம் உடைந்து சிதறிய பிறகான தலைமுறையைச் சொல்லி, மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படம் என்ற விருதும் பெற்றது. தகப்பன் மகனை அடிக்கிறான், மகன் குண்டர் கும்பல் பக்கம் சரிகிறான். ஆண்மை என்ற பெயரில் பையன்களுக்கு என்ன நடக்கிறது என்று இவ்வளவு நேர்மையாகக் காட்டிய படம் நமக்குத் தேவைதான். ஆனால் அந்த வீட்டுப் பெண்கள் பின்னணியில் நின்றுவிட்டார்கள். அதற்கடுத்த ஆண்டு ஷாலினி பாலசுந்தரம் ‘கீதையின் ராதை’யைத் தானே இயக்கி நடித்தார். காதல் படம்தான். என்றாலும் கேமராவுக்குப் பின்னால் ஒரு மலேசியத் தமிழ்ப் பெண் நின்று, அரங்கு நிறைந்ததைப் பார்த்த பெண்பிள்ளைகளுக்கு அது கொடுத்த தைரியத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

வேலையைத் திரையில் நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதற்குப் பக்கத்து வீட்டு உதாரணம் மலையாளத்தின் ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ (2021). ஜியோ பேபி கதை என்று பெரிதாக எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. நறுக்குதல், அரைத்தல், துடைத்தல், எச்சில் தட்டு, ஒழுகும் சிங்க். திரும்பத் திரும்ப இதையே காட்டினார். மாமனார் குரலை உயர்த்துவதில்லை. சோறு விறகடுப்பில் வெந்தால் நல்லது, துணியைக் கையால் துவைத்தால் நல்லது என்று தன்மையாகச் சொல்கிறார், அவ்வளவே. பார்த்த ஆண்கள் பலருக்குக் கோபம் வந்தது. கெட்டவன் யாரென்று கைகாட்ட ஆள் இல்லாததால் வந்த கோபம் அது. தமிழில் 2023இல் ஐஸ்வர்யா ராஜேஷ் நடிக்க மறுபடி எடுத்தார்கள். அந்தப் படத்தின் மருமகளை வேலைக்குப் போக விடவில்லை. லயத்துப் பெண்ணையோ எட்டு மணி நேரம் சரிவில் நிறுத்திவிட்டு அதே சமையலறைக்கும் அனுப்பினார்கள். அவளுடைய நாளை எடுக்க ஜியோ பேபியின் பொறுமை இரண்டு மடங்கு வேண்டும்.

பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’ (2024) இன்னொரு வழி. வேறு சாதிக்காரனைக் காதலித்த மீனாவுக்குப் பேய் பிடித்திருப்பதாகச் சொல்லிக் குடும்பமே அவளை ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் கொண்டுபோகிறது. அன்னா பென் நடித்த மீனா ஏறக்குறைய பேசுவதே இல்லை. வழியில் எங்கோ ஒலிபெருக்கியில் வரும் பாட்டுக்கு அவள் உதடு லேசாக அசைகிறது; அதைப் பார்த்த முறைமாமன் பாண்டி, சூரி நடித்தது, வெறிபிடித்து அவளையும் தடுக்க வந்தவர்களையும் அடிக்கிறான். ஒரு முணுமுணுப்புக்கு இவ்வளவு பயமா என்று நாம் திகைக்கும்போதே இன்னொரு காட்சி வரும். பாதையை மறித்து ஒரு காளை நிற்கிறது. இத்தனை வீரம் பேசிய ஆண்கள் ஒருவரும் கிட்டே போகத் துணியவில்லை. ஒரு சின்னப் பெண் வருகிறாள், அதை அழைத்துக்கொண்டு போய்விடுகிறாள். பின்னணி இசை கிடையாது. ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. தமிழ் சினிமா ஆணாதிக்கத்தைப் பற்றிச் சொன்னவற்றில் இதைவிடக் கூர்மையான இரண்டு நிமிடம் வேறில்லை என்று நான் நினைக்கிறேன்.

மருந்தடிக்கும் வேலை

தேயிலை மலையில் பெண்கள் தாங்களே திரைக்கதை எழுதிய நாட்களும் உண்டு. 2015 செப்டம்பரில் கேரளத்தின் மூணாற்றில் ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண் தொழிலாளிகள் வேலையை நிறுத்திச் சாலையில் உட்கார்ந்தார்கள். 20 சதவீதப் போனஸைக் குறைத்ததுதான் பொறி. அந்தக் கூட்டத்துக்குள் ஆண் தலைவர்கள் வர வேண்டாம் என்று தங்கள் சங்கத் தலைவர்களையே விரட்டிவிட்டார்கள். நிர்வாகத்தோடு கைகுலுக்கிக்கொண்டு நம்மை விற்றவர்கள் என்பது அவர்கள் வைத்த குற்றச்சாட்டு. ‘பெம்பிளை ஒருமை’ என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். போனஸ் 20 சதவீதமாகத் திரும்பி வந்தது. 232 ரூபாயாக இருந்த தினக்கூலியை 500 ஆக்கச் சொன்னார்கள், கிடைத்தது 301. முதலாளி, சங்கம், வீடு என்ற மூன்று ஆண் அதிகாரத்தையும் ஒரே நேரத்தில் எதிர்த்து நின்ற இந்தப் பெண்களின் கதையில் கதாநாயகன் தேவைப்படவில்லை. தயாரிப்பாளர்கள் தயங்குவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

மலேசியாவின் தோட்டங்களுக்கு இப்படியொரு கதை சொந்தமாக இருக்கிறது. களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் தெளிப்பதை இங்கே மருந்தடிக்கும் வேலை என்பார்கள். ரப்பரிலும் செம்பனையிலும் அந்த வேலையில் பெரும்பாலும் பெண்களையே போட்டார்கள். முதுகில் தோம்பைச் சுமந்து, முகத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க அடிப்பார்கள். நகம் கறுத்து உதிரும், மூக்கில் இரத்தம் வரும், மாதவிலக்கு தாறுமாறாகும். லயத்துக்கு வந்து அதே கையால் சோறாக்க வேண்டும். 2002இல் தெனாகனித்தா அமைப்பு மற்றோர் அமைப்போடு சேர்ந்து இந்தப் பெண்களின் உடல்நிலையை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. பாரகுவாட் என்ற களைக்கொல்லிக்கு அதே ஆண்டு மலேசியா தடை போட்டது, 2006இல் தளர்த்தியது, 2020இல் மறுபடி தடை செய்தது.

தெனாகனித்தாவை 1991இல் தொடங்கிய ஐரின் பெர்னாண்டஸ் கெடாவின் தோட்டத்தில் வளர்ந்தவர். வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தடுப்பு முகாம்களில் படும் பாட்டை 1995இல் வெளியே சொன்னதற்காக அவர்மீது வழக்குப் போட்டார்கள். 2003இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை, 2008இல் விடுதலை. பதின்மூன்று வருடம் நீதிமன்றப் படியேறிய பெண். இடையில் 2005இல் சுவீடனின் ரைட் லைவ்லிஹுட் விருது பெற்றார். 2014இல் காலமானார். ஒரு கதாநாயகிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. இப்படிப்பட்ட கதைக்குள் கேமரா போனால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு: கென்யாவின் தேயிலைத் தோட்டங்களில் வேலை கொடுக்க மேற்பார்வையாளர்கள் உடம்பைக் கேட்டதைப் பிபிசி 2023இல் ஆவணப்படமாக எடுத்தபோது 70க்கும் மேற்பட்ட பெண்கள் பேசினார்கள். அங்கே கேமரா போனது எடை மேடைக்கும் வேலை கொடுக்கிறவனின் அறைக்கும். நடவடிக்கைகளும் தொடர்ந்தன.

கேமரன் மலையில் எடுக்க வேண்டிய அடுத்த படம் பழங்கதையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தமிழ்ப் பெண்கள் நின்ற இடத்துக்கு இன்று வெளிநாட்டுத் தொழிலாளிகள் வந்திருக்கிறார்கள். மலேசியாவின் விதிப்படி வெளிநாட்டுத் தொழிலாளிக்கான வேலை அனுமதியில் வந்த பெண் இங்கே திருமணம் செய்துகொள்ள முடியாது. மருத்துவப் பரிசோதனையில் கர்ப்பம் தெரிந்தால் அனுமதி போகும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அன்று எங்கள் பாட்டிமார்களிடம் தோட்டம் கேட்டது, பிள்ளை பெற்று அடுத்த தலைமுறைக்கு ஆள் கொடுக்கச் சொல்லி. இன்று வந்திருப்பவளிடம் கேட்பது, பிள்ளையே பெறாமல் ஒப்பந்த காலத்தை முடிக்கச் சொல்லி. இரண்டு முறையும் கர்ப்பப்பையைச் சம்பளப் புத்தகத்தில் சேர்த்துக் கணக்கெழுதியவர்கள் அவளைக் கேட்கவில்லை. பாட்டியின் கதையை எடுக்க நினைக்கும் மலேசியத் தமிழ் இயக்குநர், இந்தப் பெண்ணிடமும் போய்ப் பேச வேண்டும். பாட்டி எங்கே குடியிருந்தாள் என்பது அவளுக்குத் தெரியும். அவள் இப்போது குடியிருப்பது அந்த லயத்தில்தான்.